அமைப்புவாதமும் செயற்பாட்டுவாதமும்: தொடக்ககால உளவியலைப் புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

உளவியல் பாடநூலின் முதல் அத்தியாயத்தில் இந்த இரு பெயர்களும் அடுத்தடுத்து வரும். மனத்தின் கூறுகளை ஆராய்ந்தது அமைப்புவாதம், மனத்தின் பயனை ஆராய்ந்தது செயற்பாட்டுவாதம் என்று ஆளுக்கு ஒரு வரி. கீழே நான்கைந்து பெயர்கள், சில ஆண்டுகள். இரண்டு மதிப்பெண் வினாவுக்கு அது போதும். ஆனால் விஷயம் இவ்வளவுதான் என்றால், நன்றாகப் படித்த மனிதர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஏன் மல்லுக்கு நின்றார்கள் என்பது அந்த இரண்டு வரியில் தெரியாது.

பட்டப்படிப்பிலும் பி.எட். வகுப்பிலும் இதைப் படிக்க நேர்ந்தவர்களுக்காகவும், சும்மா ஆர்வத்தில் படிப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். தொடங்கும் முன் மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு உட்காரவைக்கப்பட்டவர் யார்? அவரிடம் எதைச் சொல்லச் சொன்னார்கள்? இரண்டு பேர் சொன்னது ஒத்துப்போகவில்லை என்றால் அந்த வேறுபாட்டை என்ன செய்தார்கள்? என்னைக் கேட்டால் மூன்றாவது கேள்விதான் இந்தச் சண்டையின் ஆணிவேர். பாடநூல்கள் பெரும்பாலும் தொடாத கேள்வியும் அதுதான்.

படி 1: எந்த அமைப்புவாதம் என்று முதலில் பிரித்துவையுங்கள்

தமிழ்ச் சிற்றிதழ்களில் எண்பதுகளிலிருந்து பேசப்பட்ட அமைப்பியல் வேறு. அது சசூரின் மொழியியலிலிருந்தும் லெவி-ஸ்ட்ராஸின் மானுடவியலிலிருந்தும் வந்தது. சமூகவியலில் வரும் செயற்பாட்டுவாதமும் வேறு. நாம் பேசப்போவது 1879-இலிருந்து ஏறக்குறைய 1927 வரை, முதலில் ஜெர்மனியிலும் பிறகு அமெரிக்காவிலும் நடந்த உளவியல் விவாதம். இணையத்தில் தேடும்போது இந்த இரண்டும் கலந்து வரும், கவனமாக இருங்கள்.

படி 2: மனத்தை அளக்கலாம் என்ற துணிச்சல் எங்கிருந்து வந்தது

1796-இல் இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வு நிலையத்தில் நெவில் மாஸ்கெலின் தன் உதவியாளர் டேவிட் கின்னிப்ரூக்கை வேலையை விட்டு அனுப்பினார். தொலைநோக்கியில் தெரியும் மெல்லிய கம்பியை ஒரு நட்சத்திரம் கடக்கும் கணத்தை, கடிகார ஒலியைக் கேட்டபடியே குறிக்க வேண்டும். அதுதான் வேலை. கின்னிப்ரூக் குறித்த நேரம் மாஸ்கெலின் குறித்ததைவிட முக்கால் நொடிக்குச் சற்று அதிகமாகப் பிந்தியது. மாஸ்கெலினைப் பொறுத்தவரை அது கவனக்குறைவு. பல ஆண்டுகள் கழித்து ஜெர்மன் வானியலாளர் பெஸ்ஸல் இந்தச் சம்பவத்தைப் படித்துவிட்டு, தேர்ந்த வானியலாளர்களையே ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்தார். அவர்களுக்குள்ளும் இப்படிப்பட்ட வேறுபாடு இருந்தது. பார்ப்பதற்கும் குறிப்பதற்கும் இடையில் ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு நேரம் ஆகிறது, அது ஆளுக்கு ஆள் மாறுகிறது என்று அப்போது தெரியவந்தது. பாவம், கின்னிப்ரூக்குக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இந்தச் சம்பவத்தை மறக்காதீர்கள். மனிதருக்கு மனிதர் இருக்கும் வேறுபாட்டைப் பிழை என்று தள்ளுவதா, அல்லது அதுவே ஆராய வேண்டிய செய்தியா என்ற கேள்வி இங்கேயே தொடங்கிவிட்டது.

அடுத்து உடலியலாளர்கள் வந்தார்கள். நரம்பில் செய்தி செல்லும் வேகத்தை அளக்கவே முடியாது என்று யோகன்னஸ் முல்லர் கருதியிருந்தார். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-இல் தவளையின் நரம்பில் அதை அளந்தே காட்டினார்: நொடிக்குச் சுமார் 27 மீட்டர். யாரும் எதிர்பாராத அளவுக்கு அது மெதுவானது. எடையில் எவ்வளவு கூட்டினால்தான் கை வேறுபாட்டை உணர்கிறது என்று வேபர் ஆராய்ந்தார். அதிலிருந்து தொடங்கிய ஃபெக்னர், வெளியுலகத் தூண்டலுக்கும் உள்ளே எழும் புலனுணர்வுக்கும் இடையே ஒரு கணிதத் தொடர்பை 1860-இல் முன்வைத்தார். நெதர்லாந்தின் டாண்டர்ஸ் 1868-இல் இன்னொரு உத்தி சொன்னார். எளிய துலங்கலுக்கு (தூண்டலுக்கு நாம் காட்டும் எதிர்வினைக்கு) ஆகும் நேரத்தை, தேர்ந்தெடுத்துச் செய்யும் துலங்கலுக்கு ஆகும் நேரத்திலிருந்து கழித்தால் மிஞ்சுவது தேர்ந்தெடுப்பதற்கு ஆன நேரம். இந்தக் கழித்தல் உத்தி படி 7-இல் ஒரு பெரிய தகராறுக்கு வழிவிடும்.

படி 3: வில்ஹெல்ம் வுண்டை அவர் இடத்தில் வையுங்கள்

வுண்ட் (1832–1920) மருத்துவம் படித்தவர், ஹைடல்பர்க்கில் ஹெல்ம்ஹோல்ட்ஸிடம் உதவியாளராக இருந்தவர். 1875-இல் லைப்சிக் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். 1879-இல் அங்கே தொடங்கிய ஆய்வகத்தைத்தான் உளவியலின் பிறப்பிடமாகக் கொள்கிறோம். அவரிடம் முனைவர் பட்டம் பெற்றவர்கள் 180 பேருக்கு மேல். அமெரிக்காவிலிருந்து மட்டும் ஒரு கூட்டமே கப்பலேறிப் போனது.

அங்கே நடந்த அகநோக்கை, அதாவது தன் அனுபவத்தைத் தானே கவனித்துச் சொல்லும் முறையை, தியானம் மாதிரியோ நாட்குறிப்பு மாதிரியோ கற்பனை செய்ய வேண்டாம். கண்ணை மூடி உட்கார்ந்து ஆழ்மனத்தைத் தேடும் வேலை அங்கே இல்லை. தூண்டல் எப்போது வரும் என்று சோதனைக்கு உட்பட்டவருக்குத் தெரியும். அவர் தயாராக, கவனத்தோடு இருப்பார். அதே தூண்டலைத் திரும்பத் திரும்பக் கொடுக்கலாம். அதன் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். அவர் சொல்ல வேண்டியதும் பெரும்பாலும் சிறியது: கேட்டது, கேட்கவில்லை, பெரியது, சிறியது, இப்போது. பத்தாயிரம் முறையாவது இந்த வகைத் துலங்கல் பயிற்சி பெறாதவரின் தரவை வுண்ட் ஏற்கமாட்டார் என்று பிற்கால வரலாற்றாசிரியர் எட்வின் போரிங் எழுதியிருக்கிறார். எண்ணிக்கை கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். பயிற்சி பெற்றவர்தான் வேண்டும் என்பதில் மட்டும் அந்த ஆய்வகத்தில் சந்தேகமே இல்லை.

இப்போது பல கையேடுகள் செய்யும் தவறுக்கு வருவோம். "அமைப்புவாதத்தைத் தோற்றுவித்தவர் வுண்ட்" என்று எழுதிவிடுகிறார்கள். அவர் தன் உளவியலுக்கு வைத்த பெயர் வேறு. மனத்தின் விருப்பாற்றலை நடுவில் வைத்து அதை விருப்பாற்றல்வாதம் என்றார். கூறுகள் ஒன்றுசேரும்போது அந்தக் கூறுகளில் இல்லாத புதிய பண்பு பிறக்கிறது என்பது அவருடைய முக்கியமான கருத்துகளில் ஒன்று. மொழி, தொன்மம், வழக்காறு போன்ற உயர்நிலை மன விஷயங்களை ஆய்வகச் சோதனையால் பிடிக்க முடியாது என்று கருதி, அதற்கெனத் தனியாகப் பத்துத் தொகுதிகள் எழுதினார். 1900-இல் தொடங்கிய அந்த வேலை அவர் இறந்த 1920 வரை நீண்டது. மனத்தைச் செங்கல் செங்கலாகப் பிரிப்பதோடு நிறுத்திக்கொண்டவர் செய்கிற வேலையா இது?

பிறகு ஏன் அந்தப் பெயர் அவர்மேல் ஒட்டியது? வுண்டை ஆங்கில உலகத்துக்குக் கொண்டுபோன முக்கியமான கை அவருடைய மாணவர் டிச்சனருடையது. அந்தக் கதையை வரலாறாக எழுதிய போரிங்கும் டிச்சனரின் மாணவர். வுண்டின் முகம் டிச்சனரின் முகமாகவே பதிந்துவிட்டது. 1970-களில்தான் புளூமெந்தால், டான்சிகர் போன்றவர்கள் மூல நூல்களைத் திரும்பப் படித்து இதைத் திருத்தினார்கள். தேர்வில் "வுண்ட்" என்ற விடையைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்றால் எழுதிவிடுங்கள், மதிப்பெண்ணை இழக்க வேண்டாம். புரிதலில் மட்டும் பிரித்துவையுங்கள்.

படி 4: டிச்சனரின் ஆய்வகத்துக்குள் போங்கள்

எட்வர்ட் பிராட்ஃபோர்ட் டிச்சனர் (1867–1927) இங்கிலாந்தின் சிசெஸ்டரில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, 1892-இல் லைப்சிக்கில் முனைவர் பட்டம் பெற்று, அதே ஆண்டு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். சாகும்வரை அங்கேயே இருந்தார். வகுப்பெடுக்க வரும்போது ஆக்ஸ்ஃபோர்ட் அங்கியைப் போட்டுக்கொண்டு வருவது அவர் வழக்கம். அமைப்புவாதம் என்று நாம் சொல்வது கிட்டத்தட்ட முழுக்க இந்த ஒரு மனிதரும் அவர் பயிற்றுவித்தவர்களும்தான்.

உளவியலுக்கு மூன்று வேலைகள் என்றார். நனவனுபவத்தை இனிமேல் பிரிக்க முடியாத எளிய கூறுகள்வரை பிரிக்க வேண்டும். அந்தக் கூறுகள் எந்த விதிப்படி சேர்கின்றன என்று காண வேண்டும். அவற்றோடு நரம்பு மண்டலத்தில் என்ன நடக்கிறது என்று தொடர்புபடுத்த வேண்டும். கூறுகள் மூன்று வகை: புலனுணர்வு, மனப்படிமம், உணர்ச்சி. ஒவ்வொரு புலனுணர்வுக்கும் தன்மை, செறிவு, கால அளவு, தெளிவு ஆகிய பண்புகள் உண்டு. உணர்ச்சிக்குத் தெளிவு என்ற பண்பு மட்டும் கிடையாது, ஏனென்றால் உணர்ச்சியையே உற்றுக் கவனிக்கப் போனால் அது கலைந்துவிடுகிறது. இந்த நுணுக்கம் எனக்குப் பிடிக்கும். இன்பமாக இருக்கும்போது "நான் இப்போது இன்பமாக இருக்கிறேனா" என்று சோதித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

1896-இல் வெளியிட்ட நூலில் புலனுணர்வுக் கூறுகளை எண்ணியே காட்டினார்: மொத்தம் 44,000-க்கு மேல். அதில் பார்வைக்கு மட்டும் 32,820, செவிக்கு 11,600. நாவுக்கு வெறும் 4. இந்தப் பட்டியலைக் கேலி செய்வது எளிது, பலர் செய்தும் இருக்கிறார்கள். வேதியியல் தனிமங்களை அட்டவணையில் அடுக்கி வெற்றி கண்டிருந்த காலம் அது. மனத்துக்கும் அப்படியொரு அட்டவணை வரும் என்று நம்பியதில் வியப்பில்லை.

இதை உணர ஒரு சின்னச் சோதனையை வீட்டிலேயே செய்யுங்கள். மெல்லிய, ஓட்டையில்லாத ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு கையைக் குளிர்ந்த நீரில் விடுங்கள். கை நனைந்தது போலவே இருக்கும். வெளியே எடுத்துக் கையுறையைக் கழற்றினால் தோல் உலர்ந்தே இருக்கும். கார்னெலில் டிச்சனரிடம் பயின்ற பென்ட்லி 1900-இல் இதைத்தான் ஆராய்ந்தார். "ஈரம்" என்று தனியான ஒரு புலனுணர்வு கிடையாது, சீரான அழுத்தமும் குளிர்ச்சியும் கூடினால் ஈரம் என்று நமக்குப் படுகிறது என்பது முடிவு. அமைப்புவாதத்தின் ஆகச் சிறந்த பக்கம் இது. பிரித்துக் காட்டினார்கள், பிறகு பிரித்த கூறுகளைச் சேர்த்து அதே அனுபவத்தை வரவழைத்தும் காட்டினார்கள். தோலில் ஈரத்துக்கென்று தனி உணர்வேற்பிகள் இல்லை என்பது இன்றைய உடலியலும் ஏற்பது.

கையுறைச் சோதனையில் நீங்கள் "தண்ணீர் பட்ட மாதிரி இருந்தது" என்று சொல்லியிருந்தால் டிச்சனர் உங்களை வெளியே அனுப்பியிருப்பார். தண்ணீர் ஒரு பொருள். நீங்கள் சொல்ல வேண்டியது பொருளை அல்ல, அனுபவத்தை. நாற்காலியில் உட்கார்ந்து எதிரே இருக்கும் மேசையைப் பார்ப்பவர் அதைச் செவ்வகம் என்பார். கண்ணுக்கு உண்மையில் தெரிவது ஒரு பக்கம் குறுகிய நாற்கரம். தெரிந்த பொருளைச் சொல்லி, கண்ட அனுபவத்தை விட்டுவிடுவதற்குத் தூண்டல் பிழை என்று பெயர். இந்தப் பிழை செய்யாமல் பேச நீண்ட பயிற்சி வேண்டும். ஆகவே குழந்தைகளோ, மனநோயாளிகளோ, விலங்குகளோ டிச்சனரின் உளவியலில் நேரடியாக இடம்பெற முடியாது. நம் முதல் இரண்டு கேள்விகளுக்கு இங்கே பதில் கிடைத்துவிட்டது.

ஒரு முரணையும் சொல்லியாக வேண்டும். டிச்சனர் 1904-இல் தொடங்கிய சோதனை உளவியலாளர் குழுவில் பெண்களைச் சேர்த்ததே இல்லை. புகைபிடித்தபடி தாராளமாகச் சண்டை போட வேண்டும், பெண்கள் இருந்தால் முடியாது என்பது அவர் சொன்ன காரணம். கிறிஸ்டீன் லாட்-ஃபிராங்க்ளின் இதை எதிர்த்து அவருக்குக் காரசாரமாகக் கடிதம் எழுதினார். ஆனால் உளவியலில் முதன்முதலாக முனைவர் பட்டம் பெற்ற பெண், 1894-இல், டிச்சனரின் முதல் முனைவர் மாணவியான மார்கரெட் ஃபுளோய் வாஷ்பர்ன். அவர் பின்னாளில் எழுதிப் புகழ்பெற்ற நூலின் பொருள், ஆசிரியர் ஒதுக்கிவைத்த விலங்குகளின் மனம்.

படி 5: எதிர்த்தரப்பின் நிலத்தைப் பாருங்கள்

செயற்பாட்டுவாதத்துக்குத் தலைவர் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு நிலம் இருந்தது: டார்வினுக்குப் பிந்தைய அமெரிக்கா. ஓர் உயிரிக்கு ஓர் உறுப்பு இருக்கிறது என்றால் அது ஏதோ ஒரு வேலைக்கு உதவியதால்தான் நிலைத்தது என்ற சிந்தனை பழகிப்போயிருந்தது. அப்படியானால் நனவு எதற்கு உதவியது?

இதை உரக்கக் கேட்டவர் ஹார்வர்டின் வில்லியம் ஜேம்ஸ் (1842–1910). 1878-இல் ஒப்புக்கொண்ட பாடநூலை இரண்டு ஆண்டில் தருவதாகச் சொல்லிப் பன்னிரண்டு ஆண்டு இழுத்து, 1890-இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அதில் நனவு துண்டு துண்டானது அல்ல, ஓடிக்கொண்டே இருப்பது என்றார். தமிழ் விமர்சகர்கள் நனவோடை உத்தி என்று சொல்லும்போது அந்தப் படிமம் இந்த நூலிலிருந்துதான் இலக்கியத்துக்குப் போனது. ஒரே புலனுணர்வு இரண்டாம் முறை அப்படியே திரும்பி வருவதில்லை என்பது அவர் வாதம். திரும்பி வருவது பொருள்தான். உளவியலாளர் தான் பகுத்தறிந்த கூறுகளை, பகுத்தறியாத சாதாரண மனத்துக்குள்ளும் இருப்பதாக எண்ணிக்கொள்வது பெரிய வழுக்கல் என்றும் எச்சரித்தார்.

ஜெர்மன் ஆய்வகங்களின் பொறுமையைப் பற்றி ஜேம்ஸ் எழுதியது வெறும் கிண்டல்: சலிப்பு என்பதையே அறியாத நாட்டில்தான் இப்படியொரு முறை தோன்றியிருக்க முடியும் என்றார். ஹார்வர்டின் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ள வுண்டின் மாணவர் மூன்ஸ்டர்பெர்க்கையே 1892-இல் வரவழைத்துவிட்டு, தான் தத்துவத்தின் பக்கம் நகர்ந்துகொண்டார். ஜேம்ஸைச் செயற்பாட்டுவாதி என்று வகைப்படுத்துவது சரிதான், ஆனால் அவர் எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்கும் மனிதர் அல்ல.

படி 6: டூயியும் மெழுகுவத்தியும்

ஜான் டூயி (1859–1952) 1894-இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1896-இல் அனிச்சை வில் (தூண்டலிலிருந்து துலங்கலுக்குப் போகும் நரம்புப் பாதை) பற்றி எழுதிய கட்டுரையைத்தான் பலரும் செயற்பாட்டுவாதத்தின் தொடக்கம் என்கிறார்கள். குழந்தை சுடரைப் பார்க்கிறது, தொடுகிறது, சுடுகிறது, கையை இழுக்கிறது. வழக்கமான விளக்கம் இதைத் தூண்டல், துலங்கல், மறுபடி தூண்டல், துலங்கல் என்று தனித்தனியாக வெட்டும். டூயி கேட்டது: குழந்தை சுடரை வெறுமனே பெற்றுக்கொள்கிறதா, அல்லது தேடிப் பார்க்கிறதா? பார்ப்பதே தலையையும் கண்ணையும் திருப்பும் ஒரு செயல். சுட்ட பிறகு அதே சுடர் அந்தக் குழந்தைக்குப் பழைய சுடர் அல்ல, வலியைத் தரும் ஒளி. முன் அனுபவம் தூண்டலின் பொருளையே மாற்றிவிட்டது. எனவே தூண்டல், துலங்கல் என்பவை தனித்தனித் துண்டுகள் அல்ல, ஒரே செயலில் அவை வகிக்கும் பங்குகள்.

படி 7: ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்காக நடந்த சண்டை

இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள். இரு தரப்பும் ஒரே சோதனையைப் பற்றி நேருக்கு நேர் மோதிக்கொண்ட இடம் இதுதான்.

ஓர் ஒலி கேட்டதும் பொத்தானிலிருந்து விரலை எடுக்க வேண்டும். காத்திருக்கும்போது கவனத்தை ஒலிமேல் வைக்கலாம், அல்லது விரல்மேல் வைக்கலாம். லைப்சிக்கில் லுட்விக் லாங்கே 1888-இல் வெளியிட்ட ஆய்வில் விரல்மேல் கவனம் வைத்தவர்கள் சுமார் பத்தில் ஒரு பங்கு நொடி விரைவாகத் துலங்கினார்கள். விளக்கம் அழகாக இருந்தது. ஒலியைக் கவனிப்பவர் அதை முழுமையாக உள்வாங்கி அறிந்த பிறகு விரலை எடுக்கிறார். விரலைக் கவனிப்பவருக்கு அந்த அறிதல் தேவையில்லை, அது கிட்டத்தட்ட அனிச்சைச் செயல். இரண்டையும் கழித்தால் அறிவதற்கு ஆகும் நேரம் கிடைத்துவிடும். டாண்டர்ஸின் கழித்தல் உத்தியேதான்.

பிரின்ஸ்டனில் இருந்த ஜேம்ஸ் மார்க் பால்ட்வின் இதைச் சோதித்தபோது சிக்கல் வந்தது. சிலருக்கு லைப்சிக் சொன்ன மாதிரி வந்தது. சிலருக்குத் தலைகீழாக, ஒலியைக் கவனித்தபோது விரைவாக வந்தது. மனிதர்களில் வகைகள் உண்டு, ஒருவர் அசைவைச் சார்ந்தவர், இன்னொருவர் செவியைச் சார்ந்தவர் என்றார் பால்ட்வின்.

1895, 1896 ஆண்டுகளில் டிச்சனர் திருப்பியடித்தார். பயிற்சி இல்லாதவர்களை வைத்துச் செய்த சோதனைக்கு மதிப்பில்லை என்றார். ஒழுங்காகத் துலங்கும் இயல்பு சிலரிடம் கிடையாது, அவர்கள் இந்த ஆய்வுக்குத் தகுதியற்றவர்கள். உளவியல் தேடுவது பொதுவான மனத்தின் விதியை. தனி ஆட்களின் விநோதங்கள் அதற்குத் தேவையில்லை. பால்ட்வினின் பதிலும் சளைத்ததல்ல: உன் முடிவுக்கு ஒத்துவருகிறவர்களை மட்டும் தகுதியானவர்கள் என்று பொறுக்கி எடுத்தால், முடிவு அப்படி வராமல் வேறெப்படி வரும்?

மாஸ்கெலின் விட்ட இடத்திலிருந்து நூறு ஆண்டு கழித்து அதே கேள்வி. வேறுபாடு பிழையா, செய்தியா?

சிகாகோவில் ஜேம்ஸ் ரோலண்ட் ஏஞ்சலும் ஆடிசன் மூரும் 1896-இல் இதை மறுபடி சோதித்தார்கள். அவர்கள் செய்தது எளிமையானது. ஒரே ஆட்களைப் பயிற்சியின் தொடக்கத்திலிருந்து பின்தொடர்ந்தார்கள். தொடக்கத்தில் ஆளுக்கு ஆள் வேறுபாடு இருந்தது, பால்ட்வின் சொன்னபடி. பயிற்சி ஏற ஏற, விரல்மேல் கவனம் வைத்த துலங்கல் விரைவாகிவந்தது, லைப்சிக் சொன்னபடி. கவனம் எங்கே தேவைப்படுகிறது என்பது பழக்கம் எவ்வளவு படிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று விளக்கினார்கள். இரு தரப்பும் தத்தம் ஆட்களைப் பற்றிச் சொன்னது சரி.

சமரசம் போலத் தெரிகிறதா? உண்மையில் வென்றது சிகாகோ. டிச்சனருக்குப் பயிற்சி என்பது நல்ல தரவைப் பெறும் கருவி. ஏஞ்சலுக்கோ பயிற்சி என்ன செய்கிறது என்பதே தரவு. லைப்சிக் அளந்தது அறிதலின் மாறாத கால அளவை அல்ல, நன்கு பழகிய ஒருவரின் நிலையை என்றாகிவிட்டது.

படி 8: பெயர் வைத்தவர் யார்

"அமைப்பு உளவியல்", "செயல் உளவியல்" என்ற எதிரெதிர்ப் பிரிவை நிலைநிறுத்தியது 1898-இல் டிச்சனர் எழுதிய கட்டுரை. உயிரியலில் உடற்கூற்றியல், உடலியல் என்று இருப்பதைப் போல உளவியலிலும் இரண்டு உண்டு, உறுப்பு என்னவென்று தெரியாமல் அதன் வேலையைப் பேசினால் ஊகத்தில்தான் முடியும், எனவே கூறாய்வு முதலில் என்பது அவர் வாதம். செயலை ஆராயவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. இப்போது அல்ல என்றார். எதிர்த்தரப்புக்குப் பெயர் கிடைத்தது இப்படி, அவர்களை மறுத்தவர் கையால்.

ஏஞ்சல் (1869–1949) 1906-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைமையுரையில் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டு விளக்கினார். அடுத்த ஆண்டு அச்சான அந்த உரையில் மூன்று கருத்துகள். மனத்தின் செயல்கள் எப்படி, ஏன் நடக்கின்றன என்று கேட்பது. உயிரியின் தேவைக்கும் சூழலுக்கும் நடுவில் நனவு என்ன உதவி செய்கிறது என்று பார்ப்பது: பழக்கம் போதுமான இடத்தில் நனவு விலகிக்கொள்கிறது, புதிய சிக்கல் வந்தால் முன்னுக்கு வருகிறது. உடலையும் மனத்தையும் பிரிக்காமல் சேர்த்தே ஆராய்வது. இவற்றில் இரண்டாவதுதான் உயிர்நாடி. மிதிவண்டி பழகியவர் கால்களைப் பற்றி நினைப்பதில்லை. சங்கிலி கழன்றால்தான் நினைக்கிறார்.

இதற்கு ஓராண்டு முன் அதே சங்கத்தின் தலைவராக இருந்த மேரி கால்கின்ஸ், இரண்டையும் "தன்னிலை" என்ற கருத்தில் இணைக்கலாம் என்று தலைமையுரையிலேயே வாதிட்டார். ஹார்வர்டில் முனைவர் பட்டத்துக்கான எல்லாத் தகுதியையும் பெற்றும், பெண் என்பதால் பட்டம் மறுக்கப்பட்டவர் அவர். அவருடைய சமரசத்தை இரு தரப்பும் அதிகம் பொருட்படுத்தவில்லை.

படி 9: அகநோக்கு முட்டுச்சந்தில் நின்ற கதை

அமைப்புவாதத்தை வீழ்த்தியது செயற்பாட்டுவாதம் என்று நினைத்துவிட வேண்டாம். அடி உள்ளிருந்தே விழுந்தது. வுண்டின் இன்னொரு மாணவர் ஆஸ்வால்ட் குல்பே வூர்ட்ஸ்பர்க்கில் நடத்திய ஆய்வகத்தில், 1901-இல் கார்ல் மார்பே இரண்டு எடைகளைத் தூக்கி எது கனம் என்று சொல்லச் சொன்னார். எல்லாரும் சரியாகச் சொன்னார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பு நிகழும் கணத்தில் மனத்தில் என்ன இருந்தது என்று கேட்டால், சொல்லும்படி ஒன்றும் இல்லை. புலனுணர்வு இருந்தது, படிமங்கள் வந்து போயின, தீர்ப்பு மட்டும் எதனாலும் ஆனதாகத் தெரியவில்லை. அடுத்த ஆண்டுகளில் அதே ஆய்வகத்திலிருந்து இதுபோன்ற முடிவுகள் தொடர்ந்து வந்தன. படிமமற்ற சிந்தனை என்று ஒன்று இருக்கிறது என்றார்கள். இருக்குமானால் டிச்சனரின் மூன்று கூறுகள் போதாது.

கார்னெல் சும்மா இருக்கவில்லை. தங்களிடம் பயிற்சி பெற்றவர்கள் கவனித்துப் பார்த்ததில், சிந்தனை என்று சொல்லப்படும் இடத்தில் தசை இறுக்கம் போன்ற மங்கலான உடலுணர்வுகள் இருக்கின்றன, வூர்ட்ஸ்பர்க்காரர்கள் அவற்றைத் தவறவிட்டுவிட்டார்கள் என்றார் டிச்சனர். வுண்ட் 1907-இல் வேறு பக்கமிருந்து தாக்கினார்: இவை முறையான சோதனைகளே அல்ல.

இப்போது யார் சொல்வது சரி? ஒருவர் தன் மனத்தில் ஒன்று இருக்கிறது என்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார். இருவருமே பயிற்சி பெற்றவர்கள். விரல் விஷயத்திலாவது கடிகாரம் நடுவில் இருந்தது. இங்கே அதுவும் இல்லை. "உன் ஆள் சரியாகப் பயிற்சி பெறவில்லை" என்று மாறி மாறிச் சொல்வதைத் தவிர இருவருக்கும் வழி இருக்கவில்லை.

1913-இல் ஜான் வாட்சன், வெளியே தெரியும் நடத்தையை மட்டும் ஆராயும் நடத்தைவாதத்தை அறிவித்தபோது சரியாக இந்தப் புண்ணில்தான் விரல் வைத்தார். மற்ற அறிவியல்களில் முடிவு திரும்ப வரவில்லை என்றால் கருவியைக் குறை சொல்வார்கள், இங்கே ஆளைக் குறை சொல்கிறார்கள் என்றார். வாட்சன் யார்? 1903-இல் சிகாகோவில் ஏஞ்சலின் வழிகாட்டுதலில் எலிகளை ஆராய்ந்து பட்டம் பெற்றவர். விலங்கைச் சோதனைக்குள் அனுமதித்த செயற்பாட்டுவாதம், அதன் விளைவாகவே நனவைக் கைவிடும் ஒரு தலைமுறையை வளர்த்துவிட்டது.

படி 10: பிறகு என்ன ஆயிற்று

டிச்சனர் 1927-இல் இறந்தார். அமைப்புவாதமும் ஒரு கட்சியாக அதோடு முடிந்தது. கடைசிக் காலத்தில் அவரே கூறுகளைவிடப் பண்புகளுக்கு அதிக இடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

செயற்பாட்டுவாதத்துக்கு இறந்த தேதி இல்லை. சிகாகோவில் ஹார்வி கார் அதைப் பாடநூலாக்கினார். கொலம்பியாவில் தார்ன்டைக் பூனைகளைப் புதிர்ப்பெட்டியில் அடைத்துக் கற்றலை ஆராய்ந்தார். பி.எட். மாணவர்களுக்குப் பழகிய விளைவு விதி (நல்ல விளைவு தந்த செயல் திரும்பவும் நிகழும் என்பது) அங்கிருந்து வந்ததுதான். உளச்சோதனை, கல்வி உளவியல், குழந்தை ஆய்வு என்று கேள்விகள் பரவிக் கரைந்தன. குறையும் இருந்தது. டிச்சனரின் மாணவர் ரக்மிக் 1913-இல் பாடநூல்களை அலசி, இவர்கள் "செயல்பாடு" என்பதை ஓர் இடத்தில் நடக்கும் செயல் என்றும் இன்னோர் இடத்தில் அதன் பயன் என்றும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள் என்று காட்டினார். அந்தக் குற்றச்சாட்டு நியாயமானதுதான் என்று நினைக்கிறேன்.

நம் நாட்டுக்கும் இதில் ஓர் இழை வருகிறது. 1916-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய உளவியல் துறைக்குப் பொறுப்பேற்ற நரேந்திரநாத் சென்குப்தா ஹார்வர்டில் மூன்ஸ்டர்பெர்க்கிடம் பயின்றவர். ஜேம்ஸ் அழைத்து வந்த அதே மூன்ஸ்டர்பெர்க்.

படி 11: உங்களைச் சோதித்துக்கொள்ளுங்கள்

ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு இரு தரப்பாகவும் மாறிப் பேசிப் பாருங்கள். சூடான காபி டம்ளரை எடுத்தவுடன் கீழே வைத்துவிடுகிறீர்கள். டிச்சனராக இருந்தால்: "காபி", "டம்ளர்", "சூடு" என்ற சொற்களை விடுங்கள், விரல்நுனியில் அழுத்தம், அதன்மேல் வெம்மை, பிறகு கூர்மையான வலி, கூடவே இன்பமின்மை, ஒவ்வொன்றின் செறிவும் நீளமும் சொல்லுங்கள். ஏஞ்சலாக இருந்தால்: எத்தனை ஆண்டாக டம்ளர் பிடிக்கிறீர்கள், இன்று மட்டும் ஏன் கவனம் விழித்தது, அடுத்த முறை விளிம்பைப் பிடிப்பீர்களா, உங்கள் வீட்டுக் குழந்தை என்ன செய்யும் என்று கேளுங்கள். இரண்டையும் பத்துப் பத்து வரி எழுத முடிந்தால் பாடம் புரிந்துவிட்டது. பாட்டியின் கை அதே சூட்டைத் தாங்குகிறது, உங்கள் கை தாங்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை ஒருவர் அடைப்புக்குறிக்குள் தள்ளுவார், இன்னொருவர் அதிலிருந்தே தொடங்குவார்.

மேற்கொண்டு படிக்க விரும்புவோருக்கு: டிச்சனரின் 1898 கட்டுரை, ஏஞ்சலின் 1907 உரை, டூயியின் 1896 கட்டுரை, வாட்சனின் 1913 கட்டுரை நான்குமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சான வரிசையில் படிக்க வேண்டாம். ஏஞ்சலில் தொடங்குங்கள், அவர்தான் தெளிவாகப் பேசுபவர். அடுத்து டிச்சனர், பிறகு வாட்சன். டூயியைக் கடைசியாக வையுங்கள். கருத்து மிகப் பெரியது, நடை மிகக் கரடு. மெழுகுவத்தி வரும் பத்திகளை மட்டும் முதலில் படித்துவிட்டு மீதிக்குப் போவது நல்லது.